வெட்டாத கத்திக்கு ஒரு வாழ்த்து

கத்தி வாங்கி அதைக் கொண்டு எதையாவது வெட்டிவிடுகிற சின்ன மனிதர்கள் இந்த ஊரில் ஏராளம். இளநீர் சீவுகிறார்கள், மீன் நறுக்குகிறார்கள், கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழிக்கிறார்கள். வெட்டியதும் கழுவி வைத்துவிட்டு மறுநாளும் அதையே செய்கிறார்கள். அவர்களைப் பாட இங்கே இடமில்லை. கத்தி வாங்கி, அதனால் ஒரு நூலிழையைக்கூட அறுக்காமல், அதன் கூர்மைக்கு எந்தக் களங்கமும் நேராமல் காத்துவரும் பெருந்தகை ஒருவர் எங்கள் சென்னை கே.கே. நகரில் இருக்கிறார். பாடினால் அவரைப் பாட வேண்டும்.

பெயரை வெளியிட மாட்டேன். வெளிச்சம் பட்டால் எதுவும் நிறம் மங்கும் என்ற கொள்கை உடையவர் அவர். தெருவில் எல்லோரும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறோம். முனுசாமி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில் வீடு. கூடத்தில் கண்ணாடி அலமாரி. அலமாரிக்குப் பூட்டு. சாவி இருக்கும் இடம் சாருக்கு மட்டும் தெரியும். உள்ளே மடக்குக் கத்திகள், ஒவ்வொன்றும் தான் பிறந்த பெட்டியிலேயே இருக்கின்றன. கண்ணாடி வழியே பார்த்தால் கத்தி தெரியாது, பெட்டி தெரியும். கூர்ந்து பார்த்தால் பெட்டியும் தெரியாது, அதன்மேல் போட்ட பிளாஸ்டிக் உறைதான் தெரியும். அழகை இப்படிக் கண்ணேறு படாமல் வைத்துக்கொள்ள எல்லாருக்கும் மனம் வராது.

அந்த அலமாரியில் தலைமகன், விக்டோரினாக்ஸ் கம்பெனியின் ‘சுவிஸ் சாம்ப்’. 1985-இல் வெளிவந்த ரகம். 33 வேலை தெரிந்தது. பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரிக்கோல், மர ரம்பம், அரம், உளி, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், பூதக்கண்ணாடி, மீன் செதில் சுரண்டி, பல் குத்தும் குச்சி, எழுதுவதற்கு ஒரு பேனா என்று ஒரு சிறிய ஊருக்கே வேண்டிய சாமான்கள் ஒரு கைப்பிடிக்குள் மடிந்து கிடக்கின்றன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வடிவமைப்புத் தொகுப்பிலும் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ரகத்தில் சுவிஸ்காரர்கள் முப்பத்து மூன்றோடு நின்றுவிட்டார்கள். சும்மா இருப்பது என்ற முப்பத்து நான்காவது வேலையைக் கண்டுபிடித்துக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சார்தான். நம் ஞானிகள் மனிதர்களுக்கே எளிதில் கைகூடாது என்று சொன்ன அந்த நிலையை ஓர் இரும்புத் துண்டு கே.கே. நகரில் எட்டியிருக்கிறது.

இந்தக் கத்தியின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் சார் அதற்குச் செய்த உபகாரம் விளங்கும். கார்ல் எல்செனர் என்பவர் 1884-இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி செய்து கொடுத்தார். சிப்பாய் தகர டப்பாவைத் திறந்து சாப்பிட வேண்டும், தன் துப்பாக்கியைக் கழற்றி மாட்ட வேண்டும். கத்தி பிறந்தது இந்த இரண்டு கூலி வேலைகளுக்குத்தான். அலகு, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி, அவ்வளவே அதன் சொத்து. 1897-இல் இன்னும் இலகுவான அதிகாரிகள் கத்திக்கு எல்செனர் காப்புரிமை பெற்றார். 1909-இல் அவருடைய தாய் விக்டோரியா இறந்தபோது அந்த அம்மையாரின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அதன் ‘இனாக்ஸ்’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இவ்வளவையும் சார் தேதி பிசகாமல் சொல்வார். டப்பா திறப்பான் எந்தப் பக்கத்திலிருந்து வெளியே வரும் என்று கேட்டால் மட்டும் கையேட்டைப் புரட்டுவார். சிப்பாயின் இடுப்பில் வியர்வை நாற்றத்தோடு திரிந்த ஒரு சாதியைக் கண்ணாடிக்குள் உட்காரவைத்து, உழைப்பு என்றால் என்னவென்று மறக்கச் செய்தவர் அவர்.

அந்தக் கத்தி வீட்டுக்கு வந்த நாள் தெருவுக்கே நினைவிருக்கிறது. பார்சலைச் சுற்றி ஐந்தாறு சுற்று பழுப்பு டேப். சார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஒரு கத்தி இருந்தா குடுங்க சார். பார்சல் பிரிக்கணும்.”

“என்ன சார் வந்திருக்கு?”

“கத்தி.”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தோம். வேலை முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தந்தார். நாங்கள் அதை வைத்து வெங்காயம் நறுக்குவதைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை இன்றும் மறக்க முடியவில்லை.

கத்தி சேர்ப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பிடித்த கத்தியாக இருந்தால் இரண்டு வாங்கு, ஒன்று கைக்கு, ஒன்று பெட்டிக்கு என்பார்கள். சாரும் இரண்டு வாங்கினார். இரண்டாவதைக் கையில் எடுக்கப்போன நேரத்தில், அதன் பெட்டி முதல் பெட்டியைவிட முனை மழுங்காமல் இருப்பதைக் கவனித்துவிட்டார். மனம் கேட்குமா? இப்போது முதலாவதற்கு இரண்டாவது துணை, இரண்டாவதற்கு முதலாவது துணை. மூன்றாவது வாங்கினால் அதைக் கட்டாயம் உபயோகிப்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறார். வாக்குத் தவறாதவர் என்பதால் மூன்றாவதை வாங்காமலே இருக்கிறார்.

சட்டத்துக்கும் அவரிடம் குறை காண இடமில்லை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் நம் ஆயுத விதிகள் அதை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. சாரின் கத்திக்கு அலகு மூன்று அங்குலத்தைத் தொடாது. அதுவும் மடிந்தே கிடக்கிறது. ஒரு கத்தியால் யாருக்கும் எந்தத் தீங்கும் வராமல் பார்த்துக்கொள்வது பெரிய காரியம். எந்த நன்மையும் வராமல் பார்த்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம். இரண்டையும் ஒரே பூட்டில் சாதித்திருக்கிறார்.

ஆயுத பூஜை வந்தால் எம்.ஜி.ஆர். நகர் சந்தைப் பக்கம் கால் வைக்க முடியாது. பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று, தோரணம். ஆட்டோவிலிருந்து அரிவாள்மனை வரை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்று ஒரு நாள் தொடாமல் விடுகிறோம். வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒரு நாள் விடுப்பு. எவ்வளவு கஞ்சத்தனம்! சார் தன் கத்திகளுக்கு 365 நாளும் விடுப்புக் கொடுக்கிறார். அவருக்கும் பூஜை உண்டு. ஆனால் குங்குமம் எஃகில் கறையாகும் என்பதால் பெட்டிக்குப் பொட்டு வைத்தார். பெட்டிக்கும் மதிப்பு உண்டு என்று யாரோ சொன்னதிலிருந்து பிளாஸ்டிக் உறைக்கு வைக்கிறார். கலைமகள் எங்கேயாவது ஒட்டிக்கொள்வாள் என்று நம்புவோம்.

தெருவில் மற்றவர்களின் கத்திகள் இருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் சாரின் அருமை இன்னும் தெரியும். இளநீர் வண்டிக்காரரின் அரிவாள் வருஷத்துக்கு வருஷம் அகலம் குறைந்துகொண்டே வருகிறது. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறார். சந்தையில் மீன் வெட்டும் அம்மாவின் கத்தியில் நடுப்பகுதி குழிந்துபோய் விட்டது, அவ்வளவு சங்கரா மீனும் வஞ்சிரமும் அதன்மேல் போயிருக்கின்றன. செருப்புத் தைப்பவரின் உளியில் பாதிதான் மிச்சம். இவர்கள் எல்லாரும் சாணை பிடிப்பவரின் குரலுக்குக் காத்திருக்கிறார்கள். அவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, பட்டை பூட்டிய கல்லைச் சுழலவிட்டு, பொறி பறக்கத் தீட்டிக் கொடுக்கிறார். ஒவ்வொரு தீட்டலிலும் எஃகு கொஞ்சம் போகிறது. சார் இதை மாடியிலிருந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். “தீட்டின கத்திக்கு ரீசேல் வேல்யூவே கிடையாது சார்” என்பார். மீன் வெட்டும் அம்மா தன் கத்தியை யாருக்கு விற்கப்போகிறார் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. பெரிய தத்துவங்களின் நடுவே சின்னக் கேள்வி கேட்கக்கூடாது.

சாரின் வீட்டிலேயே ஒரு கறுப்பு ஆடு உண்டு. அவருடைய தாத்தாவின் பேனாக்கத்தி. ஷெஃபீல்டில் ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி செய்தது, அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த முத்திரை. அந்தக் காலத்தில் ராஜர்ஸ் கத்தி வைத்திருப்பவர் என்றால் ஊரில் ஒரு மரியாதை. தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளின் பென்சில் அத்தனையும் அந்தக் கத்தியால் சீவினார், ஓணான்கொடி அறுத்தார், மாம்பழம் நறுக்கினார், காலில் தைத்த முள்ளை எடுத்தார். இப்போது அலகு தேய்ந்து ஒரு வேப்பிலை அகலத்துக்கு வந்துவிட்டது. நிறம் சாம்பலாகிவிட்டது. கொம்புப் பிடியில் ஒரு விரிசல். சார் அதைப் பார்த்துவிட்டு, “கண்டிஷன் புவர், கலெக்‌ஷன்ல சேராது” என்று தீர்ப்புச் சொல்லி அடுக்களைக்கு அனுப்பிவிட்டார். ராஜர்ஸ் முத்திரையின் மதிப்பு தெரியாதவரல்ல அவர். தெரிந்தும், தாத்தாவின் கைபட்டது என்ற ஒரே குறைக்காக அதை விலக்கிவைத்தார். ரத்த பாசம் ரசனைக்குக் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அடுக்களைக்குப் போன கத்தி அங்கேயும் திருந்தவில்லை. சாரின் மனைவியை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். கிளிமூக்கு மாங்காயை அந்தக் கிழட்டுக் கத்தியால் மெல்லிசாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஆளுக்கு ஒரு கை கொடுப்பார். அந்த வீட்டில் கத்தி இருப்பது பிள்ளைகளுக்கு இப்படித்தான் தெரியும். கண்ணாடி அலமாரியில் இருப்பது என்ன என்று கேட்டால், “சாரோட டப்பா” என்கிறார்கள். அறியாப் பருவம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சாரின் கொள்கை உறுதி வெளிப்பட்டது. தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது அவர் முதலில் பரணில் ஏற்றியது கத்திப் பெட்டிகளை. கீழே நாங்கள் கேட்டிலிருந்து கேட்டுக்கு நைலான் கயிறு கட்டி, பாலும் பிரெட்டும் கைமாற்றிக்கொண்டிருந்தோம். கயிற்றை அளவுக்கு அறுக்க ஏதாவது வேண்டும். அலகும் ரம்பமும் கத்தரிக்கோலும் ஒருங்கே அமைந்த, ஆபத்துக் காலத்துக்கென்றே உலகம் பாராட்டும் கருவி பத்தடி உயரத்தில் இருந்தது. சார் பரணைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், “ஈரக் கை சார்” என்றார். அக்கா உள்ளேயிருந்து தாத்தாவின் கத்தியைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்துக் கொடுத்தார். பெரும் கலக்கத்திலும் சார் நிலை குலையவில்லை என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

இவ்வளவு காத்தும் கத்திகள் அவரிடம் நன்றியோடு நடந்துகொள்ளவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டும். அலமாரியில் ஒரு பிரெஞ்சுக் கத்தி இருக்கிறது, ஒபினெல். சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் 1890-இல் உழவர்களுக்காக உருவாக்கிய எளிய கத்தி. மரப்பிடி, கார்பன் எஃகு அலகு, அலகை நிலைநிறுத்த 1955-இல் சேர்ந்த ஒரு வளையம். அன்றாடம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்டி, எண்ணெய்க் கைபட்டு, பழகிப் பழகி வழவழப்பாகும் சாமான் அது. எங்கள் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் யாரும் தொடாமல் கிடந்ததால் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொண்டது. இப்போது திறக்க வரவில்லை. இன்னொன்று செல்லுலாய்டு பிடி போட்ட பழைய ஜெர்மன் கத்தி. செல்லுலாய்டு நாட்பட்டால் சிதைந்து அமில ஆவி விடும். காற்றோட்டமில்லாத பெட்டியில் அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் தன் அலகையே அரித்தது, பக்கத்துக் கத்தியையும் தொட்டது. மூன்றாவதைத் தோல் உறையோடு வைத்தார். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டது, பித்தளையில் பச்சை பூத்தது. நான்காவதன் கீலுக்கு வாங்கிய அன்று எண்ணெய் விட்டார். மடக்கி விரிக்காத கீலில் எண்ணெய் பிசினாகி இறுகியது.

விரல் படுவதால் வரும் கறைக்குப் பயந்து விரல் படாததால் வரும் துருவை வளர்த்திருக்கிறார் என்று விவரம் தெரியாதவர்கள் பேசுவார்கள். அப்படிப் பார்க்கக்கூடாது. கார்பன் எஃகு அலகு மாங்காயும் எலுமிச்சையும் பட்டுப் பட்டுச் சாம்பல் நிறப் படலம் கட்டும். அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கும். அக்காவின் கத்தி அப்படித்தான் பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் அது மாங்காய் தந்த காப்பு. மாங்காயிடம் கைநீட்டிக் காப்பு வாங்குவதா? பெட்டிக்குள் கௌரவமாகத் துருப்பிடிப்பது மேல் என்பதே சாரின் கட்சி.

சாருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. கே.கே. நகர் தொண்டை மண்டலத்தில்தானே இருக்கிறது! இந்த மண்டலத்தை ஆண்ட தொண்டைமானே இந்தக் கலையின் மூலபுருஷன். அவனுக்கும், இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் பகை மூண்ட காலத்தில், அதியமான் ஔவையாரைத் தூது அனுப்பினான். தொண்டைமான் அவரை நேரே தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினான். ஔவை பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக இருக்கிறது. இங்கே இருக்கும் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்றார். எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, எந்நேரமும் கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன என்றார்.

தமிழாசிரியர்கள் இதை வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சார் அதை ஏற்கவில்லை. “ஔவையார் மாதிரி ஒரு பெரியவங்க, விருந்துக்குப் போன வீட்ல குத்திப் பேசுவாங்களா சார்? இருக்கிறதை இருக்கிறபடி சொல்லியிருக்காங்க. தொண்டைமானோடது மின்ட் கண்டிஷன். அதியமானோடது டேமேஜ். இது கண்டிஷன் ரிப்போர்ட்!” தலைமுறை தலைமுறையாக வந்த உரை மரபை இப்படி ஒரே மூச்சில் நேர் செய்ய வேறு யாரால் முடியும்? அந்தப் பாட்டுக்கு வாண்மங்கலம் என்று துறை வகுத்திருக்கிறார்கள், வாளை நீராட்டி வாழ்த்துவது. நீராட்ட வேண்டுமென்றால் வாளில் கழுவுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். தொண்டைமான் வாளில் இருந்தது நெய்தான். தண்ணீர் வீணாகாத மங்கலம்.

பாட்டின் கடைசிப் பகுதிதான் சாருக்குக் கொஞ்சம் உறுத்தல். ஆயுதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்த ஔவை, திடீரென்று சாப்பாட்டுக்குத் தாவிவிடுகிறார். இருந்தால் பிறர்க்குக் கொடுப்பான், இல்லாதபோது இருப்பதைப் பிறரோடு சேர்ந்து உண்பான், எளியவர்களின் சுற்றத்துக்குத் தலைவன் என்று அதியமானைச் சொல்லி முடிக்கிறார். “கத்திக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று கேட்டார் சார். உள்ளே அக்கா மாங்காய் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உண்மையில் அதியமானுக்குப் பொருளைக் காக்கும் புத்தி ஆதியிலிருந்தே கிடையாது. அரிதினும் அரிதாக ஒரு நெல்லிக்கனி கிடைத்தது. தின்றால் நீண்ட ஆயுள். அதைப்போல் இன்னொன்று கிடையாது, இன்றைய பாஷையில் லிமிடெட் எடிஷன். சார் கையில் கிடைத்திருந்தால் பஞ்சில் பொதிந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு, இன்றும் நாம் கண்ணாடி வழியே பார்க்கும்படி வைத்திருப்பார். அதியமான் என்ன செய்தான்? ஔவையிடம் கொடுத்துத் தின்னச் செய்துவிட்டான். திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பை மலையில் 1981-இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அவனைப் பற்றி ஒரே ஒரு சேதிதான் சொல்கிறது. அங்கேயுள்ள குகைத்தளத்தை அவன் கொடுத்தான் என்பதே அது. கல்லில் வெட்டி வைக்கிற அளவுக்குக் கொடுக்கிற பழக்கம் முற்றிவிட்டிருந்தது.

“பயன்படுத்தினவன் கதியைப் பாத்தீங்களா? தகடூரையே சேரன் அழிச்சிட்டானே!” என்று சார் மடக்குவார். சரிதான், பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான். முனை முறிந்த வேல்களும் அதோடு போயின. ஆனால் நெய் பூசிய வேல்கள் எங்கே? எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பார்க்கலாம். தொண்டைமான் கொட்டிலில் இருந்தது என்று காட்ட ஒரு வேல்முனைகூட எங்கும் இல்லை. அந்த ஆயுதக் கொட்டில் பற்றி நமக்கு மிஞ்சியது, அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு கிழவி சொன்ன நாலு வார்த்தைதான்.

அந்த நாலு வார்த்தையும் சாரின் முறைப்படி காக்கப்பட்டதல்ல. பனையோலைக்கு ஆயுள் சில நூற்றாண்டு. அதற்குள் யாராவது சுவடியை அவிழ்த்து, விரலால் புரட்டி, புதிய ஓலையில் படி எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு நம்மிடமே ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மடக்கெழுத்தாணி என்பார்கள். ஒரு பக்கம் ஓலையின் ஓரத்தை வாரக் கத்தி, மறுபக்கம் எழுத ஊசிமுனை, இரண்டையும் பிடிக்குள் மடக்கி எடுத்துப் போகலாம். அதை இடுப்பில் செருகியவர்கள் ஓலையை நறுக்கினார்கள், கீறினார்கள், கரியும் பச்சிலைச் சாறும் பூசினார்கள். சுவடியின் கண்டிஷன் போயிற்று. பாட்டு மட்டும் பிழைத்தது. பரம்பரைச் சொத்து என்று கட்டிய கயிறு அவிழ்க்காமல் பரணில் வைத்துப் பூஜித்த வீடுகளும் இருந்தன. அங்கே கறையான் படித்து முடித்தது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடிய சுவடிகளை ஒப்புநோக்கி 1894-இல் புறநானூற்றை அச்சிட்டார். அந்தச் சுவடிகளை எழுதியவர்கள் எல்லோரும் சாரைப் போல் பொறுப்புள்ளவர்களாக இருந்திருந்தால், தொண்டைமானை யார் என்று கேட்க வேண்டிய நிலை வந்திருக்கும்.

பிற்காலத்தவருக்காகத்தான் இத்தனை பாடு என்று சார் சொல்வது உண்டு. அருங்காட்சியகம் ஒரு பொருளைத் தொடவிடாமல் வைத்தாலும் கதவைத் திறந்து ஊருக்குக் காட்டுகிறது, என்ன, எப்போது, யாருடையது என்று எழுதியும் வைக்கிறது. சாரின் பிற்காலத்தவர் ஒரே மகன், கனடாவில் இருக்கிறார். போன முறை வந்தபோது சார் அலமாரியைக் காட்டி, “எல்லாம் உனக்குத்தான்” என்றார். “கேபின் பேக்ல விடமாட்டாங்கப்பா. அங்கேயே கடையில கிடைக்குது” என்றார் மகன். கிளம்பும்போது அக்காவிடம் போய், கொள்ளுத்தாத்தாவின் கத்தியைக் கேட்டு வாங்கி, அனுப்பும் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அக்கா இப்போது ஒரு பிளாஸ்டிக் பிடிக் கத்தியால் நறுக்குகிறார், மாங்காய்க்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்டிஷன் புவர் என்று தள்ளியதற்கு வாரிசு கிடைத்ததையும், மின்ட் கண்டிஷனுக்குக் கிடைக்காததையும் சார் சந்தையின் தற்காலிக ஏற்ற இறக்கம் என்கிறார்.

உத்தரப் பிரதேசத்து ராம்பூர், மடக்குக் கத்திக்குப் பேர்போன ஊர். அங்கே 2023-இல் நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்தில் ஒரு ராம்பூரி கத்தியை நிறுத்தியிருக்கிறார்கள். எந்தப் பையிலும் நுழையாது, எவராலும் எடுத்து எதையும் வெட்ட முடியாது, வண்டிகள் சுற்றிக்கொண்டு போகின்றன. படத்தைக் காட்டியபோது சார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு குறை சொன்னார்: “பெட்டி இல்லையே சார்.”

இப்படிப்பட்டவருக்கு ஊர் ஒரு சால்வைகூடப் போர்த்தவில்லை. தொண்டைமானுக்கு ஔவை கொடுத்ததைப் போல் ஒரு ரிப்போர்ட் தனக்கும் கிடைத்தால் அலமாரியில் வைக்கலாம் என்று அவரே என்னிடம் ஆசையாகக் கேட்டார். ஔவையின் வாக்கு எனக்கில்லை, ஆனாலும் கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பரம திருப்தி. “ஒரு வார்த்தை மிகை இல்லை சார்” என்றார். பத்திரிகையில் வந்ததும் இரண்டு பிரதி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், இரண்டும் பிரிக்காதவையாக.